கையொப்பமும் சந்தாவும்: எண்ணிம யுகத்தில் உடைமை பற்றிய ஒரு நோக்கு

1

ஒரு சமுதாயத்தின் அறிவுச் செல்வம் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்னும் வினாவுக்கு இலக்கிய வரலாற்றாசிரியர் கொடுக்கும் முதன்மையினை, அச்செல்வம் எந்நிபந்தனையின் பேரிற் கைமாறுகின்றது என்னும் வினாவுக்கு அவர் பெரும்பாலும் கொடுப்பதில்லை. நூலை இயற்றியவர் யார், அவர் வாழ்ந்த காலம் யாது, அவரை ஆதரித்தோர் எவ்வகுப்பினர் என்பன விரிவாக ஆராயப்படுகின்றன. அந்நூல் வாசகர் கையை வந்தடைந்த பின் அதன்மீது அவருக்கிருந்த உரிமை எத்தகையது என்பதோ அடிக்குறிப்பளவிலே நின்றுவிடுகின்றது. நூல் என்பது தாளும் மையும் கொண்ட பொருளாக இருந்த காலத்தில் இப்புறக்கணிப்புப் பெருங்குறையாகத் தோன்றவில்லை. காசு கொடுத்து வாங்கிய நூல் வாங்கியவருடையது. அதனை அவர் இரவல் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம் என்பது எவரும் எடுத்துரைக்க வேண்டாத உண்மையாக இருந்தது.

அவ்வுண்மை இன்று அத்துணை வெளிப்படையானதன்று. இசை, திரைப்படம், நூல், கணினி மென்பொருள் ஆகியன எண்ணிம வடிவம் பெற்றதைத் தொடர்ந்து, அவற்றை ஒருமுறை விலைபேசி விற்கும் வழக்கம் குன்றி, மாதந்தோறும் பணம் பெற்றுப் பயன்படுத்தும் வாய்ப்பை மட்டும் வழங்கும் வழக்கம் மேலோங்கியுள்ளது. நெற்பிளிக்ஸ் கம்பனியின் இணையவழித் திரைப்படச் சேவை 2007ஆம் ஆண்டிலும், ஸ்பொட்டிபை இசைச் சேவை 2008ஆம் ஆண்டிலும் தொடங்கின. அடோபி கம்பனி 2013ஆம் ஆண்டிலே தன் வரைகலை மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்கன்றி வழங்குவதில்லை என அறிவித்தது. இம்மாற்றத்தை எது மலிவு என்னும் நுகர்வோர் கணக்காக மட்டும் நோக்குவோர் உளர். அந்நோக்குப் பிழையானதன்று, ஆயினும் போதாதது. ஒரு விநியோக முறைமை படைப்பின் வடிவத்தையும், வாசகரின் நிலையையும், ஒரு பண்பாட்டின் நினைவையும் ஒருசேரப் பாதிக்கவல்லது. ஆதலின் இப்பொருள் வணிகவியலாருக்கு மட்டும் உரியதன்று. இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள்ளும் அடங்குவதேயாகும்.

2

சந்தா என்பது கணினியுடன் பிறந்த முறைமையன்று. தமிழ் நூற்பதிப்பு வரலாற்றிலேயே அதற்கொரு முன்வடிவம் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவுக்கு வேண்டிய பொருள் கைவசம் இல்லாமையால், நூல் வெளிவருமுன்னரே அன்பர் பலரிடம் 'கையொப்பம்' பெற்றமை அவரது தன்வரலாற்றால் அறியப்படும். கையொப்பமிட்டவர் இன்னும் பிறவாத நூலொன்றுக்கு முன்பணம் தந்தார். பதிப்பாசிரியர் அப்பணத்தைக் கொண்டு தாள் வாங்கினார், அச்சுக்கூலி கொடுத்தார். நூல் வெளிவந்ததும் கையொப்பக்காரருக்குரிய படி அவர் கையைச் சேர்ந்தது. அத்துடன் அவருக்கும் பதிப்பாசிரியருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் முடிவுற்றது. நூல் அவர் வீட்டு அலுமாரியில் எஞ்சி நின்றது.

பருவ இதழ்களின் சந்தாவும் இதனோடு ஒத்ததேயாகும். 1966ஆம் ஆண்டில் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகைக்குச் சந்தா செலுத்திய ஒருவர், அடுத்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்காது விட்டிருப்பினும், முன்னர் வந்த இதழ்களை எவரும் அவர் வீட்டிலிருந்து மீட்டுச் சென்றதில்லை. சந்தா என்னும் சொல் அங்கே எதிர்காலத்தைப் பற்றியது. கடந்தகாலம் வாசகருடையதாகவே இருந்தது.

இன்றைய எண்ணிமச் சந்தாவிற் பணம் கொடுக்கும் ஒழுங்கு பழையது; எஞ்சுவது யாதெனும் வினாவுக்குரிய விடையே புதியது. ஐந்தாண்டு சந்தா செலுத்திய இசைச் சேவையினின்று ஒருவர் விலகுவாராயின், அவரிடம் ஒரு பாடலேனும் எஞ்சுவதில்லை. கையொப்பத்தின் பயன் உடைமை. இச்சந்தாவின் பயன் அனுமதி. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதனால் வேறுபாடு மறைந்துவிடுகின்றது. இவ்வேறுபாட்டைப் பிரித்தறிவதே இப்பொருள் பற்றிய எந்த ஆய்வுக்கும் முதற்படியாகும்.

3

சந்தா முறைமை படைப்பின் வடிவத்தை எவ்வாறு ஆளும் என்பதற்கு ஆங்கில நாவல் வரலாறு தெளிவான சான்று தருகின்றது. சாள்ஸ் எட்வேட் மியூடி என்பார் 1842ஆம் ஆண்டில் இலண்டனிலே நூல்களை வாடகைக்கு வழங்கத் தொடங்கினார். ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், சந்தா செலுத்தியவர் ஒருமுறைக்கு ஒரு தொகுதியாக ஆண்டு முழுவதும் நூல்களை மாற்றி மாற்றிப் பெற்றுச் செல்லலாம். அக்காலத்தில் நாவல்கள் மூன்று தொகுதிகளாக வெளிவருதல் வழக்கம். மூன்றுக்குமான விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு நாவலை விலைக்கு வாங்குவதற்கு வேண்டிய பணம், ஓராண்டுச் சந்தாவிலும் ஒன்றரை மடங்காக இருந்தது. இந்நிலையில் நடுத்தர வகுப்பு வாசகர் சந்தாவை நாடியமை இயல்பேயாகும். அவர்களுக்கு நாவல் என்னும் இலக்கிய வகையே மியூடியின் வாயிலாகத்தான் கிடைத்தது என்பதை மறந்து அம்முறைமையைக் குறைகூறுதல் வரலாற்று நோக்காகாது.

ஆயினும் அவ்வாயிலுக்கொரு விலை இருந்தது. மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்ட ஒரு நாவலை ஒரே வேளையில் மூன்று சந்தாதாரருக்கு வழங்கலாம். எனவே மூன்று தொகுதி வடிவம் மியூடிக்கு இலாபமானது. அவர் பெருந்தொகையாகக் கொள்வனவு செய்தமையால் வெளியீட்டாளருக்கும் இழப்பில்லாதது. எழுத்தாளர் தம் கதையை அவ்வளவுக்கு நீட்ட வேண்டியவரானார். விக்ரோறியா காலத்து நாவல்களிற் காணப்படும் கிளைக்கதைகளும் நீண்ட வருணனைகளும் முற்றாக இக்காரணத்தால் விளைந்தன என்று கூறுதல் மிகையாகும். இக்காரணத்தை விலக்கி அவற்றை விளக்குதலும் இயலாது.

வடிவத்துடன் பொருளும் கட்டுப்பட்டது. குடும்பத்தார் கூடியிருந்து வாசிக்கத் தகாதன என மியூடி கருதிய நூல்கள் அவரது நூலகத்தில் இடம்பெறவில்லை. தம் நாவலொன்று இவ்வாறு புறக்கணிக்கப்பட்டதால் வெகுண்ட ஜோர்ஜ் மூர், 1885ஆம் ஆண்டிற் சந்தா நூலகங்களின் ஒழுக்கக் கண்காணிப்பைச் சாடித் துண்டுப்பிரசுரம் ஒன்றை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே தம் அடுத்த நாவலை ஒரே தொகுதியாக, வாசகர் நேரடியாக வாங்கக்கூடிய விலையில் வெளிவரச் செய்தார். விலை என்பது ஈண்டு கருத்துச் சுதந்திரத்தின் ஒரு பகுதியாகிவிட்டமை மனங்கொளத்தக்கது. வாசகர் தாமே வாங்கக்கூடிய நூலைத் தடுக்க மியூடியால் இயலவில்லை. 1894ஆம் ஆண்டில் மியூடியும், டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனமும் மூன்று தொகுதி நாவல்களுக்குத் தாம் கொடுக்கும் விலையைக் குறைக்குமாறு வெளியீட்டாளரை வற்புறுத்தியபோது, அவ்வடிவம் சில ஆண்டுகளுள் வழக்கொழிந்தது. எழுத்தாளரின் அழகியற் கொள்கை மாறியதனால் மட்டும் அது மறைந்துவிடவில்லை. வாடகைக் கணக்கு மாறியமையே அம்மறைவுக்கு உடனடிக் காரணமாயிற்று.

4

மியூடியின் காலத்துக்கும் இன்றைய எண்ணிமச் சேவைகளுக்கும் இடையிலான ஒப்புமை மேலோட்டமானதன்று. அமேசன் கம்பனி 2014ஆம் ஆண்டில் மாதச் சந்தாவுக்கு மின்னூல்களை வழங்கும் கிண்டில் அன்லிமிற்றெட் சேவையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு யூலை மாதத்திலிருந்து, தாமே நூலை வெளியிடும் எழுத்தாளருக்கு, வாசிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைக்கேற்பப் பணம் கொடுக்கும் விதி நடைமுறைக்கு வந்தது. நூலின் பக்கம் கூலியின் அலகானவுடன், நூல்களைச் செயற்கையாக நீட்டிப் பக்கம் பெருக்கும் முயற்சிகள் தோன்றின. ஒரு நூலை ஒரு வாசகர் வாசித்ததற்காகக் கணக்கிடப்படும் பக்கங்களுக்கு 3,000 என எல்லை விதிக்க வேண்டிய நிலை பின்னர் ஏற்பட்டது. மேலும், இச்சேவையிற் சேர்க்கப்படும் மின்னூலை அவ்வெழுத்தாளர் வேறிடத்தில் மின்னூலாக விற்றலாகாது என்பதும் நிபந்தனையாகும். மியூடியின் மூன்று தொகுதிக் கணக்குப் புதிய உருவில் மீண்டும் வந்துள்ளது எனலாம்.

இசையிலும் இதுவே நிலை. ஸ்பொட்டிபையில் ஒரு பாடல் 30 செக்கன்கள் கேட்கப்பட்டாலன்றி அது கணக்கிற் சேர்வதில்லை. ஆகவே முதல் அரை நிமிடத்துக்குள் கேட்போரைப் பிடித்து நிறுத்த வேண்டிய நெருக்கடி இசையமைப்பாளருக்கு உண்டாகின்றது. 2024ஆம் ஆண்டிலிருந்து, ஒரு பாடல் முந்திய 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாவிடின், அதற்கு ஒலிப்பதிவு வருவாயிற் பங்கு கிடைப்பதில்லை. சிறிய மொழியொன்றிற் பாடும் கலைஞருக்கு இவ்வெல்லை எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. இறுவட்டு விற்ற காலத்தில், நூறு பேர் வாங்கினால் நூறு பேருடைய பணம் கிடைத்தது.

எனினும் ஒப்புமையை இவ்விடத்தில் நிறுத்துதல் வேண்டும். மியூடியின் நூல்கள் பொருள்களாக இருந்தன. தேவை குறைந்த படிகளை அவர் மலிவு விலைக்கு விற்றார். அவை பழைய புத்தகக் கடைகளையும் தனியார் வீடுகளையும் அடைந்தன. அவர் ஒதுக்கிய நூலையும் வேறொருவர் விற்கலாம். வாடகை முறைமை உடைமையைச் சூழ இருந்ததேயன்றி, அதனை அழிக்கவில்லை. இன்றைய முறைமையிலோ பல படைப்புகள் சந்தாவுக்கு வெளியே படியாக வெளிவருவதே இல்லை. வாடகைக்கு விடுபவர் கதவை மூடினால், நுழைய வேறு வாயில் கிடையாது.

5

சந்தா வேண்டாதவர் மின்னூலை விலை கொடுத்து வாங்கலாமே எனக் கூறப்படலாம். ஆனால், எண்ணிமக் கடைகளில் 'வாங்குக' என எழுதப்பட்டிருப்பவற்றுட் பல வாங்குதல் ஆகா என்பதே இன்றைய நிலைமையின் மிக நுட்பமான கூறாகும். கட்டணம் செலுத்துபவருக்குக் கிடைப்பது பயன்பாட்டு அனுமதியே என்பது நீண்ட ஒப்பந்த வாசகங்களுள் அடங்கியிருக்கின்றது.

2009ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நிகழ்ந்த சம்பவம் ஒன்று இதனை உலகறியச் செய்தது. ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் சில மின்பதிப்புகளை, அவற்றுக்குரிய உரிமை இல்லாத வெளியீட்டாளர் ஒருவர் அமேசன் கடையில் விற்பனைக்கு வைத்திருந்தார். அது தெரியவந்ததும், கம்பனி தன் கடையிலிருந்து மட்டுமன்றி, ஏலவே பணம் கொடுத்த வாசகரின் கிண்டில் கருவிகளிலிருந்தும் அவற்றைத் தொலைவிலிருந்தே நீக்கிவிட்டது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பாடசாலை மாணவர் ஒருவர் நூலோடு சேர்த்து எழுதி வைத்த குறிப்புகள் பயனற்றுப் போயின. அவர் வழக்குத் தொடர்ந்தார். கம்பனியின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். பழைய பத்திரிகைகளைத் தீயிலிட்டு வரலாற்றைத் திருத்தும் அரசொன்றைச் சித்திரிக்கும் நாவலே இவ்வாறு மறைந்தமை பலருக்கு நகைப்பை விளைத்தது. நகைப்புக்கு அப்பால் நோக்கின், கம்பனிக்கு அவ்வாறு செய்யும் ஆற்றல் இருந்தமையே நிகழ்ச்சியின் கனதியாகும். உரிமையின்றி அச்சிடப்பட்ட நூலை விற்ற கடைக்காரர், வாங்கியவரின் வீடு புகுந்து அலுமாரியைத் திறந்து அதனை எடுத்துச் செல்வதில்லை. அவ்வாறு செய்யும் ஆற்றல் அவருக்கு இல்லாமையே வாசகரின் காப்பாக இருந்தது. எண்ணிமக் கடைக்காரருக்கு அவ்வாற்றல் உண்டு.

மைக்ரோசொப்ற் கம்பனி 2019ஆம் ஆண்டிலே தன் மின்னூற் கடையை மூடியபோது இதே உண்மை அமைதியான முறையில் வெளிப்பட்டது. விற்கப்பட்ட நூல்கள் யாவும் அவ்வாண்டு யூலை மாதத்துடன் திறக்க இயலாதனவாயின. கொடுத்த விலை முழுவதும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. குறிப்பெழுதியவர்களுக்கு மேலும் 25 டொலர் வழங்கப்பட்டது. வணிக நேர்மை என்னும் அளவுகோலால் இதிற் குறைகாண்பது அரிது. ஆனால் ஒரு நூலை அதன் விலையாலும், வாசகர் ஓரத்தில் எழுதிய குறிப்பை 25 டொலராலும் ஈடுசெய்யலாம் என்னும் கருத்து, வாசிப்பு யாதென்பது பற்றிய ஒரு கொள்கையாகும். அக்கொள்கையைத் திறனாய்வாளர் ஏற்கவேண்டியதில்லை.

சட்டத்தின் போக்கும் ஈண்டு நோக்கற்பாலது. ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1908ஆம் ஆண்டில், ஒரு நூலை ஒருமுறை விற்றுவிட்ட வெளியீட்டாளர், வாங்கியவர் அதனை என்ன விலைக்கு மறுவிற்பனை செய்யவேண்டும் எனக் கட்டளையிட முடியாதெனத் தீர்த்தது. வெளியீட்டாளர் ஒரு டொலருக்குக் குறைத்து விற்கலாகாதென நூலிலேயே அச்சிட்டிருந்தும், அதனை 89 சதத்துக்கு விற்ற கடையின் பக்கமே தீர்ப்பு அமைந்தது. நூறாண்டுக்கு மேல் நூலகங்களும் பழைய புத்தகக் கடைகளும் அத்தத்துவத்தின்மீதே நின்றன. எண்ணிமப் பொருள்களுக்கோ அது நீளவில்லை. வாங்கிய இசைக் கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி என்னும் நிறுவனம், 2018ஆம் ஆண்டு அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோல்வி கண்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012இற் காலவரையறையின்றி விற்கப்பட்ட மென்பொருட் படியை மறுவிற்பனை செய்யலாம் என்றது. அதே நீதிமன்றம் 2019இல் மின்னூலுக்கு அவ்வுரிமை இல்லை என்றது. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, பின்னர் பறிக்கப்படக்கூடிய எண்ணிமப் பொருளை, அது வெறும் அனுமதியே எனத் தெளிவாகத் தெரிவியாது 'வாங்குக' என்னும் சொல்லால் விற்பதைத் தடைசெய்கின்றது. பொருளை மீட்டுத்தர இயலாத சட்டம் சொல்லின் பொருளையேனும் காக்க முற்பட்டுள்ளது.

6

மென்பொருளின் நிலை ஊடகத்தின் நிலையினின்றும் வேறுபட்டது. அதனைத் தனியே நோக்குதல் நியாயமாகும். அச்சிட்ட நூல் ஒருமுறை முடிந்த பொருள். மென்பொருளோ தொடர்ந்து பராமரிக்கப்பட வேண்டியது. பாதுகாப்புக் குறைகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்படல் வேண்டும்; புதிய கணினிகளுக்கேற்ப மாற்றப்படல் வேண்டும். அவ்வுழைப்புக்குத் தொடர்ச்சியான ஊதியம் கேட்பதில் முறைகேடில்லை. பெருந்தொகையை ஒரே முறையிற் செலுத்த இயலாத மாணவர், தேவையான இரண்டு மாதங்களுக்கு மட்டும் சிறு தொகை செலுத்திப் பயன்பெறலாம் என்பதும் உண்மையே. இலங்கை போன்ற நாடுகளில் மென்பொருள் உடைமை என்று வழங்கியவற்றுட் பல உரிமமற்ற படிகளே என்பதையும் மறைத்தல் தகாது. அந்நிலையைப் பொற்காலமாகச் சித்திரிப்பது நேர்மையாகாது.

இவை யாவற்றையும் ஏற்ற பின்னரும் ஒரு வினா எஞ்சுகின்றது. நூல் வாசகர் பிறர் எழுதியதை இழக்கின்றார். மென்பொருட் சந்தாதாரரோ தாம் ஆக்கியதையே இழக்கும் நிலைக்கு உள்ளாகலாம். குறித்த மென்பொருளிலன்றித் திறக்க இயலாத வடிவில் ஒருவர் பத்தாண்டு வரைந்த படங்கள், சந்தா நின்ற நாளில் அவருக்கே பூட்டிய பெட்டியாகிவிடுகின்றன. கோப்பு அவருடைய கணினியில் இருக்கின்றது. திறவுகோல் வேறெங்கோ இருக்கின்றது.

அத்திறவுகோல் வேறு நாட்டில் இருக்கும்போது இடர் மேலும் பெருகும். 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், அமெரிக்க அரசின் தடைக் கட்டளையொன்றைக் காரணங்காட்டி, வெனிசுவேலாவிலுள்ள பயனாளர் கணக்குகள் அனைத்தையும் நிறுத்தப்போவதாக அடோபி அறிவித்தது. பின்னர் அமெரிக்க அரசிடம் விசேட அனுமதி பெறப்பட்டதால் அது நிறைவேறவில்லை. நிறைவேறாமற்போனது நல்வாய்ப்பே. ஆயினும், ஒரு நாட்டின் வரைகலைஞர்கள் அனைவரும் தம் தொழிற்கருவியை ஒரு மாதத்துள் இழக்கக்கூடியவர்களாக இருந்தமையை அவ்வறிவிப்புக் காட்டியது. முன்னொரு காலத்தில் இறுவட்டில் வாங்கி நிறுவப்பட்ட பழைய மென்பொருளை இத்தகைய கட்டளை எட்டியிராது.

இலங்கையின் அனுபவம் வேறு வகையானது, பாடம் ஒன்றே. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. மாதம் 20 டொலர் சந்தா செலுத்திய ஒருவருக்கு, 4,000 ரூபாவாக இருந்த செலவு மூன்று மாதத்துள் 7,200 ரூபாவாயிற்று. அவருடைய சம்பளம் ரூபாவிலேயே இருந்தது. முன்னரே விலை கொடுத்து வாங்கிய மென்பொருளைப் பயன்படுத்தியவரை அவ்வீழ்ச்சி அவ்வகையிற் தீண்டவில்லை. சந்தா என்பது சிறுதொகை என்னும் வாதம், நாணயம் உறுதியாக உள்ள நாட்டின் வாதமாகும். நாணயம் தளரும் நாட்டில் அது ஒருபோதும் முடிவடையாத வெளிநாட்டுக் கடனின் இயல்பைப் பெற்றுவிடுகின்றது.

7

முற்போக்குச் சிந்தனையாளர் ஒருவர் இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்பலாம். தனியுடைமையைச் சமுதாயத் தீமைகளின் வேர் எனக் கருதுவோர், நூலுடைமைக்கும் இறுவட்டுடைமைக்கும் பரிந்து பேசுவது முரண்பாடன்றோ? எல்லோரும் எல்லாவற்றையும் அணுகும் நிலைமை பொதுமைக்கு அண்மையது அன்றோ?

இத்தடை ஆழமற்றதன்று, ஆயினும் இரு வேறு உடைமைகளை ஒன்றாக்கிக் காண்பதால் விளைவது. உழவர் கையிலுள்ள மண்வெட்டியும், நிலக்கிழார் கையிலுள்ள ஆயிரம் ஏக்கர் நிலமும் ஒரே வகை உடைமையல்ல. சந்தா முறைமை உடைமையை ஒழிக்கவில்லை. பல்லாயிரம் அலுமாரிகளிற் சிதறிக் கிடந்த உடைமையைச் சில கம்பனிகளின் சேவையகக் கணினிகளிற் குவித்துள்ளது. வாசகர் வாங்குபவர் என்னும் நிலையினின்று குத்தகைக்காரர் என்னும் நிலைக்கு மாறியுள்ளார். விளைச்சல் எத்துணையாயினும் குத்தகை நிற்பதில்லை. குத்தகை நின்றால் நிலத்தில் நிற்க உரிமையில்லை. இதனைப் பொதுமை எனக் கொள்ளுதல், பெருந்தோட்ட லயன் அறையைப் பொதுவீடு எனக் கொள்வதை ஒக்கும்.

உண்மையான பொதுமைக்கு இத்துறையிலேயே வேறு வடிவம் உண்டு. றிச்சேட் ஸ்ரோல்மன் 1983ஆம் ஆண்டில் அறிவித்த குனூ திட்டமும், 1989இல் வெளியான அதன் பொது அனுமதி ஆவணமும், மென்பொருளைப் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் எவருக்கும் உரிமை உண்டு என்னும் அடிப்படையில் எழுந்தன. ஒருமுறை கொடுக்கப்பட்ட அவ்வுரிமையை, நிபந்தனைகள் மீறப்படாதவரை, மீளப்பெற இயலாது. இங்கு ஒவ்வொருவர் கையிலும் முழுப்படி இருக்கின்றது. ஒருவருடைய படி மற்றவருடையதைக் குறைப்பதில்லை. ஆகவே 'சந்தாவா உடைமையா' என வினாவைக் குறுக்கிக் கொள்வது விற்பனையாளர் வகுத்த எல்லைக்குள் நின்று வாதிடுவதாகும். பணம் மாதந்தோறும் கொடுக்கப்படுகின்றதா, ஒரேமுறையிற் கொடுக்கப்படுகின்றதா, கொடுக்கப்படவே இல்லையா என்பன இரண்டாம் தரமான வினாக்கள். விற்பவரின் பிடிக்கு வெளியே ஒரு படி எஞ்சுகின்றதா என்பதே முதல் வினா.

8

எஞ்சிய படிகளின் வரலாறே தமிழ் இலக்கியத்தின் வரலாறும் ஆகும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சிட்டபோது, அவருக்கு உதவியவை பல இடங்களிலே சிதறிக் கிடந்த ஏட்டுப்படிகள். அவற்றை வைத்திருந்தோருட் பலர் அவற்றின் பெறுமதியை அறிந்திலர். அவர்கள் செய்த பணி, ஏட்டை வீட்டில் வைத்திருந்தமை ஒன்றே. அவ்வேடுகள் யாவும் ஒரே மடத்தில், ஒரே பூட்டின் கீழ் இருந்திருப்பின், ஒரு தீயோ ஒரு கறையான் புற்றோ சங்க இலக்கியத்தின் கணிசமான பகுதியை இல்லாதாக்கியிருக்கும்.

அத்தகைய தீயை ஈழத்தவர் கண்டுள்ளனர். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதவை மீளவில்லை. 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி எவரும் வாசிக்க வைத்துள்ளது. அப்பணி இயன்றமைக்கு ஒரு காரணம், போரையும் இடப்பெயர்வையும் தாண்டித் தனியாட்களும் நிறுவனங்களும் பேணிய படிகளாகும். முன்னாளிற் சந்தா செலுத்தியவரின் அலுமாரியே பின்னாளில் ஓர் இனத்தின் ஆவணக் காப்பகமாயிற்று. எண்ணிமத் தொழினுட்பம் இங்கு உடைமையின் பகையாக அன்று, அதன் துணையாகவே வந்துள்ளமை கருதத்தக்கது. குறை தொழினுட்பத்தில் இல்லை. அதனைப் பூட்டும் ஒப்பந்தத்தில் உள்ளது.

இன்று சந்தாச் சேவைக்கென்றே ஆக்கப்படும் திரைப்படமும் பாடலும் நூலும் ஐம்பது ஆண்டுகளின் பின் எந்த அலுமாரியிற் கண்டெடுக்கப்படும் என்பதே எழுப்பவேண்டிய வினா. 2014இல் வெளியான 'த குறூ' என்னும் கணினி விளையாட்டு, அதன் கம்பனி 2024 மார்ச் மாத இறுதியிற் சேவையகங்களை நிறுத்தியதும், பணம் கொடுத்த எவராலும் ஆட இயலாததாயிற்று. பத்தாண்டு வயதுடைய ஆக்கமொன்று தீயின்றியே அழிந்தது. விளையாட்டுத்தானே என அதனைத் தள்ளிவிடலாம். நாவலையும் ஒருகாலத்தில் அவ்வாறே தள்ளினர்.

பல்கலைக்கழகச் சூழலில் இவ்வினாவுக்குச் செயல்முறை விடைகள் உண்டு. ஆய்விதழ்களுக்குச் சந்தா செலுத்தும் நூலகங்கள், சந்தா நின்ற பின்னரும் அதுவரை பெற்ற இதழ்களைப் பேணி வழங்கும் உரிமையை ஒப்பந்தத்திற் கோருதல் கூடும். 1999ஆம் ஆண்டு ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே தொடங்கிய லொக்ஸ் திட்டம் இத்தேவையிலிருந்தே பிறந்தது. பல படிகள் பொருளைக் காக்கும் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அதன் பெயர். ஆய்வேடுகளையும் மன்ற வெளியீடுகளையும் எந்த மென்பொருளாலும் திறக்கக்கூடிய வடிவிலே சேமித்தல், இயன்றவிடத்துக் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தல், விலைக்கு வாங்கும்போது பூட்டற்ற கோப்பாகக் கிடைப்பதையே தெரிந்தெடுத்தல் ஆகியன மாணவர் கைக்கு எட்டியவையே. தேவைப்படும்போது சந்தா செலுத்துவதை இவற்றுள் எதுவும் தடுப்பதில்லை. வாடகைக்கு எடுத்ததை உடைமை என மயங்காதிருத்தல் போதும்.

மியூடியின் நூலகம் இன்றில்லை. அவர் விற்றுத் தீர்த்த பழைய படிகள் இன்றும் உள்ளன. சாமிநாதையரின் கையொப்பக்காரர் எவரும் இன்றில்லை. அவர்கள் முன்பணம் தந்த சிந்தாமணி உள்ளது. இன்றைய சந்தாதாரர் செலுத்தும் பணம் எதனை விட்டுச் செல்லும் என்பதை, ஒவ்வொரு மாதமும் அதனைப் பெற்றுக்கொள்வோரிடம் கேட்கும் உரிமையேனும் அவருக்கு உண்டு. அக்கேள்வியைக் கூர்மைப்படுத்துதல் திறனாய்வின் கடமையாகும்.